திரையில் தொண்ணூற்றைந்து

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. தூளைக் காயவைக்கும் ட்ரையரின் சூட்டைக் காட்டும் கருவிக்கு நான்தான் மென்பொருள் எழுதியவன். புதிய சிப் பொருத்திய அன்று, தொண்ணூற்றைந்து டிகிரிக்குப் பதில் இருபத்து நாலாயிரம் என்றது திரை. ஓர் எண்ணின் இரண்டு பாதிகளான பைட்டுகளையும் புதிய சிப் நேரெதிர் வரிசையில் படிக்கிறது. திருத்த ஒரு மணிநேரம் போதும். எனக்கோ மஸ்கெலியா பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். நம்ப முடியாத எண் வந்தால் தொண்ணூற்றைந்து என்றே காட்டும்படி ஒரு வரி எழுதிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் ட்ரையரில் நிற்கும் மகாலிங்கம் அண்ணன் போன் செய்தார்.

“கருகுற வாசம் வருதுங்க சார். சூட்டைக் கொறைக்கவா?”

“திரையில என்ன இருக்கு?”

“தொண்ணூத்தஞ்சுதாங்க.”

“அப்பத் தொடாதீங்க.”

அன்றைய தூள் முழுதும் கருகியது. அவரை ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் ஓடிப்போய் பைட் வரிசையைச் சரிசெய்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. தோட்டத்தை நடத்தும் துரையிடம் அவரும் என் பெயரைச் சொல்லவில்லை.

திரும்பி வந்தவர் என்னிடம் சொன்னார்: “என் மூக்கை நம்பியிருக்கணுங்க சார். தப்பு என்னோடதுதான்.”

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

கருகிய தூளின் நாற்றம் இரண்டே நாளில் போய்விட்டது. அந்தத் தலையாட்டல் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.