போர்வை என்று பொருள்

அம்மாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அவருடைய அட்டையில் புதிதாக ஒரு சொல் எழுதியிருந்தது: பாலியேட்டிவ். எனக்கு ஒன்பது வயது. அப்பாவிடம் கேட்டேன். "மருந்து பேருலா. போய்ப் படி" என்றார். லோரி ஓட்டும் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, அவர் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தார். ஆனாலும் பேச மாட்டார். எங்கள் ஊரான புக்கிட் ரோத்தானில், எங்கள் வீட்டு வரிசைப் பிள்ளைகளும், சத்தம் போடக்கூடாது என்று, எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் தமிழ்த் தாதி ஒருவர் இருந்தார். வாசலில் அவர் செருப்பை மாட்டும்போது கேட்டேன்.

"அது லத்தீன் சொல்லுலேர்ந்து வந்தது, பாப்பா. பாலியம்னா போர்வை மாதிரி. வலி தெரியாம போத்தி விடறோம்."

"போத்துனா சுகமாயிருமா, மிஸ்ஸி?"

அவர் மற்றச் செருப்பையும் மாட்டினார். "சுகமா இருக்கும்லா" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அம்மா கழுத்துவரை போர்த்திப் படுக்க வைப்பார். வேர்த்துக் கொட்டும். எழுந்தால் காய்ச்சல் போயிருக்கும். இவ்வளவு சின்ன விஷயம் பெரியவர்களுக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது.

மறுநாள் பள்ளிக்குக் கிளம்புமுன் வீட்டிலிருந்த மூன்று கம்பளிகளையும் அம்மாமீது போர்த்தினேன். அதற்கு மேல் அப்பாவின் சாரோங்.

"இம்புட்டுமா, ஆயி?" என்றார் அம்மா. ஆனால் விலக்கவில்லை. அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்ததைப் பார்த்த பிறகே பஸ் ஏறினேன். மதியம் திரும்பும்போதும் அவர் அப்படியே போர்த்தியபடி படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். தீபாவளிக்குள் அம்மா எழுந்துவிடுவார் என்று வகுப்பில் சொல்லியும் வைத்தேன்.

பதினெட்டு நாள் போர்த்தினேன். பத்தொன்பதாம் நாள் அம்மா இல்லை. நான் போர்த்தியது போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, பல வருடங்களுக்கு.

போன வருடம்தான் அப்பாவிடம் சொன்னேன்.

"நீ பஸ் ஏறுன ஒடனே எல்லாத்தையும் எடுத்துருவேன். அனல் தாங்காது அவளுக்கு. மத்தியானம் ஆனா அவளே கூப்புடுவா. 'பிள்ள வர்ற நேரமாச்சு, போத்தி விடுங்க'ம்பா."