கற்பூரம் சுட்ட இரண்டு கைகள்

அன்பர்களே, நம் கிரிவலக் குழுவில் பலரும் தங்கள் அனுபவத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எனக்கு நடந்ததில் அற்புதம் எதுவும் இல்லை. நோய் தீரவில்லை, புதையல் கிடைக்கவில்லை. ஒருவன் வந்து என் கதவைத் தட்டினான், அவ்வளவுதான். ஆனால் அவன் அன்று தட்டியிருக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம்.

சென்னைக்குப் பக்கத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். சோதனைப் பிரிவு. கருவி சரியாக இருக்கிறதா, இல்லை என்றால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஆள் உயரத்துக்கு நின்ற எக்ஸ்சேஞ்ச் ஒரு சூட்கேஸ் அளவுக்குச் சுருங்கியதை என் கண்ணாலேயே பார்த்தேன். கருவி சுருங்கியபோது ஆட்களும் சுருங்க வேண்டியிருந்தது. 2001-ஆம் வருடம் விருப்ப ஓய்வு என்று அறிவிப்பு ஒட்டினார்கள். வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஒரு பெரிய தொகை. எழுதாதவர்கள் கதி என்ன என்று அந்த அறிவிப்பில் இல்லை.

எங்கள் பிரிவில் பதினோரு பேர். அத்தனை பேரும் சேர்ந்து மறுத்தால் பிரிவை மூட முடியாது என்று பேசிக்கொண்டோம். சோதனை மேஜைக்கு மேலே அண்ணாமலையார் படம் ஒன்று இருந்தது. நான் ஊரிலிருந்து கொண்டுபோய் மாட்டியது. ஆயுத பூஜைக்கு அதற்குத்தான் மாலை போடுவோம். ஒரு சாயங்காலம் அந்தப் படத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றி, ஒவ்வொருவராக உள்ளங்கையால் அடித்து அணைத்து, எழுதிக் கொடுக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தோம். முதலில் அடித்தது நான். அடுத்தது ஏழுமலை.

ஏழுமலை கீழ்பென்னாத்தூர்க்காரன். என்னைவிட நான்கு வயது சின்னவன். கருவிக்குள் கம்பி கட்டும் பிரிவில் சேர்ந்து பிறகு எங்களிடம் வந்தவன். சனிக்கிழமை ஊருக்கு வரும் பஸ்ஸில் எனக்கும் சேர்த்து இடம் போட்டு வைப்பான். அன்று கையை ஊதிக்கொண்டே சிரித்தான். "சாமி சாட்சிண்ணா. சோறு இல்லன்னாலும் பேச்சு மாற மாட்டேன்."

கெடு முடிந்த மறுநாள் காலை என்னைத் தவிர பத்து பேரும் எழுதிக் கொடுத்திருந்தது தெரிந்தது. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், தனித்தனியாகப் போய் எழுதியிருக்கிறார்கள். ஏழுமலைதான் முதல் ஆள் என்றார்கள். அவன் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலேயே போய்விட்டான்.

நான் சத்தியத்தைக் காப்பாற்றியவன். என்னை ஸ்டோர் அறையில் உட்கார வைத்தார்கள். வேலை இல்லை. அலமாரிகளை எண்ணினேன், அலமாரியில் இருந்த பெட்டிகளை எண்ணினேன். சில மாதங்களில் அந்தத் தொழிற்சாலையையே மூடினார்கள். சட்டப்படி கொடுக்க வேண்டியதை மட்டும் கொடுத்தார்கள். வி.ஆர்.எஸ். எழுதியவர்களுக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை.

வேங்கிக்காலில் கட்டி வைத்திருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தோம், நானும் மனைவி கமலாவும். பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்றபின் காலையில் எழுந்ததும் அண்ணாமலை தெரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்த ஜன்னல் ஒன்று அந்த வீட்டில் உண்டு. வந்த முதல் வாரமே அதைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

கமலா கேட்டாள், "ஏங்க, காத்து வர வேணாமா?"

"அவன் மூஞ்சில முழிக்கணுமா நான்? பொய் சத்தியம் பண்ணவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தான். எனக்கு இன்னா கொடுத்தான்?"

அவள் உள்ளே போனாள். அடுப்படி சின்ன ஜன்னல் வழியாக மலையைக் கும்பிட்டுக்கொண்டாள்.

தூக்கம் போயிற்று. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கலெக்டர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் காலையில் என் வாசலைத் தாண்டி ஸ்கூட்டரில் போவார்கள். எத்தனை ஸ்கூட்டர் என்று எண்ணுவேன். அவர்கள் எல்லோருக்கும் போக ஓர் இடம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள், "சாருக்கு என்னா, ராஜா மாதிரி, ரிட்டையர்டு லைஃப்" என்றார். அவரோடு பேசுவதை நிறுத்தினேன். பிறகு எல்லோரோடும் நிறுத்தினேன். மாத்திரைப் பட்டையை கமலா தன் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளத் தொடங்கினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கார்த்திகை பிறந்தது. தீபத்துக்குக் கொடியேற்றிவிட்டார்கள். ஒரு மத்தியானம் கமலா நெய் காணிக்கை கட்டப் போயிருந்தாள். மூடிய ஜன்னல் முன்னால் போய் நின்றேன். உரக்கவே சொன்னேன். "உன் பேரைச் சொன்ன சத்தியத்தை நான் ஒருத்தன்தான் காப்பாத்தினேன். நீ இருக்கறது நிஜம்னா என் வாசலுக்கு ஒரு ஆளை அனுப்பு. நீ அனுப்பற வரைக்கும் நான் உன்னைப் பார்க்க மாட்டேன். இதுதான் கடைசி." பிரார்த்தனை என்றால் இவ்வளவுதான். பக்தி இல்லை, பணிவு இல்லை. மிரட்டல் என்றுகூடச் சொல்லலாம். சொல்லிவிட்டு கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

தீபத்தன்று விடாத தூறல். நம் ஊர் வழக்கப்படி மலைமேல் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவோம். கமலா அகல்களில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, கையில் தீப்பெட்டியோடு வாசலில் நின்றாள். நான் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். திடீரென்று தெரு முழுக்க "அரோகரா" என்று சத்தம் எழுந்தது. வெடிச் சத்தம். நான் திரும்பவில்லை. விளக்குகளை ஏற்றிவிட்டு கமலா உள்ளே வந்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

"ஏங்க, யாரோ வந்திருக்காரு. கதவத் தட்டிட்டு உள்ள வர மாட்டேங்கறாரு."

வெளியே போனேன். அகல் வெளிச்சத்தில், நனைந்த காக்கிச் சட்டையோடு ஏழுமலை நின்றான். முதலில் அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டிப்போய், பாதி நரைத்து, என்னைவிட வயதானவன் போல இருந்தான்.

"நீயா? எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வந்த?"

"அடிக்கணும்னா அடிச்சிக்கங்கண்ணா. ஆனா சீக்கிரம் அடிச்சிட்டு எங்கூட வாங்க. ஒரு பெட்டி பேச மாட்டேங்குது."

அவனே சொன்னான். வி.ஆர்.எஸ். பணம் மொத்தத்தையும் ஜாஸ்தி வட்டி என்று ஒரு ஃபைனான்ஸில் போட்டிருக்கிறான். அவர்கள் இழுத்து மூடிவிட்டார்கள். இப்போது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் வாட்ச்மேன். மழையில் அங்கே இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச் நின்றுபோய்விட்டது. எந்த அறைக்கும் போன் போகவில்லை. திருவிழா நாளில் பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை. ஒரு வெள்ளைக்கார அம்மா, ஊரில் தாயார் சாகக் கிடக்கிறாராம், போன் வரும் என்று காலையிலிருந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாராம்.

"நீயே பாக்கறதுதானே?"

"நான் கம்பி கட்டற ஆளுண்ணா. எது எங்க போவுதுன்னு தெரிஞ்சவரு நீங்கதான். நாலு மாசமா இந்த ஊர்லதான் கீறேன். ரெண்டு வாட்டி உங்க தெரு முனை வரைக்கும் வந்து பயந்துட்டு திரும்பிட்டேன். இன்னிக்கு அந்த அம்மா அழுவறதப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

வாசலுக்கு ஆள் அனுப்பு என்று கேட்டவன் நான். எந்த ஆள் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். கமலா உள்ளே போய் என் பழைய கருவிப் பையை எடுத்து வந்து நீட்டினாள்.

வண்டிகளை நிறுத்திவிட்டிருந்தார்கள். நடந்தே போனோம். ஊரைத் தாண்டியதும் கிரிவலக் கூட்டத்தில் கலந்துவிட்டோம். வலது பக்கம் மலை. நான் இடது பக்கத்துக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஏழுமலை என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

விடுதியில் எக்ஸ்சேஞ்ச் பெட்டி மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்தில் இருந்தது. திறந்தேன். நான் வேலை பார்த்த இடத்தில் செய்ததல்ல, ஆனால் சாதி ஒன்றுதான். எத்தனையோ மாதம் கழித்து கைக்கு வேலை. சுவர் ஈரம் இறங்கி, ஓர் இணைப்பில் பச்சை பூத்து அரித்திருந்தது. சுரண்டித் துடைக்கும் நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. கொஞ்சம் வெளிச்சம் வரட்டுமே என்று பக்கத்திலிருந்த மரக் கதவைத் தள்ளித் திறந்தேன். அது கதவில்லை, ஜன்னல்.

தூறல் விட்டிருந்தது. கருப்பாக மலை. உச்சியில் தீபம்.

அந்த வெளிச்சம் என் கைக்கு எட்டவில்லை, கம்பி தெரியவில்லை. ஆனால் நான் ஜன்னலைச் சாத்தவில்லை. மண்டியிட்ட இடத்திலேயே அழுதேன். ஏழுமலை டார்ச்சை அடித்தான். "இங்க புடிக்கட்டாண்ணா?" என்று அவன் நீட்டிய கையில், உள்ளங்கை நடுவில், என் கையில் இருப்பதைப் போலவே கற்பூரம் சுட்ட ஒரு வடு. காசை அவன் தொலைத்துவிட்டான். இதைத் தொலைக்கவில்லை.

"எழுதிக் குடுத்துட்டு வந்த அன்னிலேர்ந்து தூக்கம் இல்லண்ணா" என்றான்.

"எனக்கும்தான்டா" என்றேன்.

கரண்ட் வந்ததும் இணைப்பைப் பொருத்தினேன். அரை மணிக்கெல்லாம் வெளியூர் அழைப்பு வந்து, மேலே ஓர் அறையில் மணி அடித்தது. அந்த அம்மாள் நெடுநேரம் பேசினார், அழுதார். நல்ல செய்தியா, கெட்ட செய்தியா, எனக்குத் தெரியாது. இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

விடுதி முதலாளியம்மா, "ஏழுமல, உங்க சாரு பேசவே மாட்டாரா?" என்று கேட்டார்.

"பேசுவாரும்மா. திட்டறதுக்கு மட்டும்" என்றான் அவன். ஒரு வருடத்துக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

முதலாளியம்மா சொல்லி, அந்தப் பகுதியில் ஆறு விடுதிகளின் இன்டர்காமை நான் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். வருமானம் பழைய சம்பளத்தின் பக்கத்தில்கூட வராது. ஆனால் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போக ஓர் இடம் இருந்தது. கூட வர ஏழுமலை இருந்தான். ஆருத்ரா தரிசனத்துக்குப் பிறகு கோயிலில் தீபக் கொப்பரையில் சேர்ந்த தீப மை கொடுத்தார்கள். கமலா எனக்கும் அவனுக்கும் சேர்த்து நெற்றியில் வைத்தாள். முந்தானை முடிச்சை அவள் எப்போது அவிழ்த்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

ஏழுமலை இரண்டு வருடம்தான் இருந்தான். நெஞ்சுவலி. கொள்ளி போட அவன் மகன் வந்தான். பாடைக்கு நான் தோள் கொடுத்தேன். எரிப்பதற்கு முன் அவன் உள்ளங்கையை ஒரு முறை விரித்துப் பார்த்தேன். இன்றும் கிரிவலம் போகையில் வலது பக்கம் பார்த்து நடக்கிறேன். அவன் கூட நடந்த இடது பக்கம் காலியாக இருக்கிறது.

வேலை போய், யார் மேலோ ஆறாத கோபத்தோடு இதைப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கேளுங்கள். கோபத்தோடு வேண்டுமானாலும் கேளுங்கள், அண்ணாமலையார் அதையும் கேட்டுக்கொள்வார். ஆனால் யாரை அனுப்ப வேண்டும் என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். தட்டும் சத்தம் கேட்டால், ஆள் யார் என்று பார்க்காமல் கதவைத் திறந்துவிடுங்கள்.