ரத்தம் வேண்டாம் என்று வந்த கடிதம்

ஒரு நல்ல மனிதரை, அவர் மனைவியின் முன்னாலேயே, குடிகாரர் என்று சொன்னவன் நான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மலேசியாவின் கிள்ளான் நகரில் நான் நடத்திவந்த சின்னக் கிளினிக்கில் அது நடந்தது. கிளினிக்கை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் லோரி ஓட்டுநர். பந்திங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வீடு. எப்போதும் அசதியாக இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்று மனைவியோடு வந்தார். ரத்தம் எடுத்து அனுப்பினேன். கல்லீரல் கெட்டுவருவது பரிசோதனை முடிவில் தெரிந்தது. தோட்டத்து ஆள், லோரி ஓட்டுகிறவர், கெட்டுப்போன கல்லீரல். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

"எவ்வளவு காலமா சம்சு குடிக்கிறீர்?" என்றேன். சம்சு என்பது இங்கே கிடைக்கும் மலிவுச் சாராயம்.

"ஐயோ டாக்டர், நான் தொட்டதே இல்ல. வருசா வருசம் பத்துமலை முருகனுக்குக் காவடி எடுக்கிறவன் நான்."

"காவடியை இறக்கினதும் நேரா கடைக்குத்தானே? உங்கட ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறவை."

நான் யாழ்ப்பாணத் தமிழன். அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். தோட்டத்திலிருந்து வந்தவர்களைப் பற்றி எங்கள் வீடுகளில் எவ்வளவு இளக்காரமாகப் பேசுவோம் என்பது எங்களுக்குத் தெரியும். மருத்துவம் படித்த பிறகும் அந்தப் பேச்சு என் வாயை விட்டுப் போகவில்லை. அவருடைய அட்டையில் 'மது' என்று எழுதி, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஹெபடைடிஸ் சி என்ற கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அது ரத்தத்தின் வழியே பரவிக் கல்லீரலை மெல்ல அரிக்கும், அதற்குப் பரிசோதனையும் வந்துவிட்டது என்றெல்லாம் மருத்துவ இதழில் நான் அப்போதே படித்திருந்தேன். "எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

அதன் பிறகு அவர் என்னிடம் வரவில்லை. மூன்று வருடம் கழித்து ஒரு காலையில் அவர் மனைவி மட்டும் என் அறைக்குள் வந்து, ஒரு கடிதத்தை மேசைமேல் போட்டார்.

"பாருங்க டாக்டர், இவரு ரத்தத்தக்கூட வேணாம்னுட்டாங்க! நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நான் நம்பினேன். அவருதான் இன்னும் சத்தியம் பண்ணிக்கிட்டுத் திரியிறாரு."

நடந்தது இதுதான். குடிகாரனின் ரத்தத்தை ஆஸ்பத்திரியில் வாங்கமாட்டார்கள் என்று கணவர் நினைத்திருக்கிறார். தன் ரத்தத்தை அவர்கள் எடுத்துக்கொண்டால் மனைவி நம்பிவிடுவாள் என்று, கோயில் மண்டபத்தில் நடந்த ரத்ததான முகாமுக்கு அந்த அம்மாவையும் கையோடு அழைத்துப் போயிருக்கிறார். சில வாரத்தில் மலாயில் ஒரு கடிதம் வந்தது. ரத்தத்தை ஏற்க முடியாது என்ற வரியை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொல்லியிருக்கிறார்.

நான் மீதியையும் படித்தேன். ஹெபடைடிஸ் சி.

"இவருக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தினவையா?"

"ஏத்தாம? நாங்க கல்யாணம் கட்டின புதுசுல லோரி கவுந்துச்சே. ஏழு போத்தல். நாந்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன். ஏன் டாக்டர்?"

சொன்னேன். அந்தக் காலத்தில் இந்தக் கிருமிக்கு ரத்தத்தைச் சோதிக்க வழியே கிடையாது, உயிரைக் காத்த ரத்தத்தோடு நோயும் வந்திருக்கிறது, குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நான் சொன்னது தப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கடிதத்தை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணு வருசமா அவரு தட்டுல சோத்தப் போட்டுட்டு மூஞ்சியப் பாக்காமப் போயிருக்கேன் டாக்டர்," என்றார்.

கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வர மறுத்துவிட்டாராம். நான் எழுந்து போனேன். காத்திருந்த ஐந்தாறு பேருக்கும் கேட்கும்படி, "நீங்க குடிக்கிறவர் இல்லை. நான் விசாரிக்காமல் பழி சொல்லிப்போட்டன். என்னை மன்னிக்க வேணும்," என்றேன். டாக்டர் நிற்கிறாரே என்று அவர் எழுந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"இது வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒட்டுமா டாக்டர்?" என்றுதான் முதலில் கேட்டார். சேர்ந்து சாப்பிடுவதால் ஒட்டாது, ஆனாலும் அவர்களையும் சோதித்துவிடலாம் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"லோரி கவுந்த அன்னிக்கு என்கூட வந்தவனுக்கும் ரத்தம் ஏத்துனாங்க. அவனக் கூட்டியாரட்டா?"

அடுத்த சனிக்கிழமை ஒரு வேன் வந்து நின்றது. பதினோரு பேர் இறங்கினார்கள். பிரசவத்தில், விபத்தில், அறுவை சிகிச்சையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள். இப்படி ஒரு நோய் என்றால் ஒரே குவளையில் தண்ணீர் குடிக்கவே தயங்கிய காலம் அது. அவர் வீடு வீடாகப் போய், "எனக்கு இருக்கு, உனக்கும் பாத்துக்க" என்று சொல்லி அழைத்து வந்திருந்தார். ஒருவர் வாசலிலேயே தயங்கினார். ஓட்டுநர்தான் அவரைக் கூப்பிட்டார்.

"வாண்ணே உள்ள! குடிக்கிறவனும் வரலாம், குடிக்காதவனும் வரலாம். டாக்டர் இப்ப யாரையும் ஏசமாட்டாரு லா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்; கண் கலங்கிவிட்டது. அந்தப் பதினோரு பேரில் மூன்று பேருக்கு நோய் இருந்தது. அன்று லோரியில் கூட வந்த தோழரும் அதில் ஒருவர். நோய் முற்றி, அந்தத் தோழருக்குக் காலம் கடந்துவிட்டது. மற்ற இருவரையும் நேரத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிந்தது.

அன்று முதல், யார் எதற்காக வந்தாலும், ரத்தம் ஏற்றியதுண்டா என்று கேட்காமல் நான் அனுப்பியதில்லை. ஓட்டுநருக்கு, இந்த நோய்க்கு அந்தக் காலத்தில் போட்ட ஊசி முழுதாகப் பலன் தரவில்லை. மூன்று வருடம் முன்பே வந்திருக்கலாமே என்று பெரிய ஆஸ்பத்திரி நிபுணர் கேட்டாராம். தனக்கு அப்போது தெரியாது என்று சொன்னவர், என் பெயரை எடுக்கவே இல்லை. இதை அவர் மனைவிதான் பின்னர் என்னிடம் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

தன்னை அவமானப்படுத்தியவனின் வாசலுக்கே தன் ஆட்களை நம்பி அழைத்து வந்த அந்த மனசு எவ்வளவு பெரியது என்று, இத்தனை படித்த எனக்கு இன்றும் அளந்து பார்க்கத் தெரியவில்லை.