சுல்தான் கனைத்தானா?

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் தொழிலில் குதிரையைவிட நமக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும். பந்தல், மேளம், வீடியோ என்று கல்யாண வீடுகளில் பாடுபட்டவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

என் மனைவி ஜைனபை உயிரோடு கடைசியாகப் பார்த்தது புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில். "சுல்தான் கனைச்சானா?" என்று கேட்டாள். "கனைச்சான்" என்றேன். அவள் படுத்த பத்து நாளில் எங்கள் குதிரை வாயே திறக்கவில்லை.

சொல் கிடைத்த இடம்

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. சுல்தான் திடீரென்று சத்தம் போட, கூட்டம் விலகியது. "சும்மா கத்துறான், பயப்படாதீங்க" என்றேன். பெண்ணின் அப்பா நின்று திரும்பினார். "கழுதை கத்தும் பாய், குதிரை கனைக்கும். குதிரை வச்சிண்டிருக்கேள், இதுகூடத் தெரியாதா?"

அகராதி

ஜைனபுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. ஆனால் சுல்தான் தலையைத் தூக்கி, தெருவே கேட்கக் கூப்பிடுவது ஒன்று. அவள் கொள்ளோடு வரும்போது மூக்குக்குள்ளேயே மெல்ல அதிர்வது வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டா என்று கேட்டாள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய அகராதியைப் புரட்டினேன். எனக்குக் கிடைத்தது கனைத்தல் ஒன்றுதான். அவள் சொன்னாள்: "இதை எழுதினவர் வீட்ல குதிரை இல்லை போலிருக்கு."

ஒன் மோர்

மாப்பிள்ளை ஏறும்போது குதிரை கனைத்தால் நல்ல சகுனம் என்பார்கள். சொன்னதும் கனைக்க அது என்ன, ஹாரனா? அதனால் ஜைனப் தெருமுனையில் கொள்ளு டப்பாவோடு நிற்பாள். மாப்பிள்ளை கால் தூக்கியதும் டப்பாவைக் குலுக்குவாள். சுல்தான் அவள் பக்கம் திரும்பிக் கனைப்பான். வீட்டார் பூரித்துப்போவார்கள். ஒருமுறை அதைத் தவறவிட்ட வீடியோக்காரர் என்னிடம் ஓடி வந்தார்: "பாய், லைட் சரியில்லை. ஒன் மோர் கனைக்கச் சொல்லுங்க."

அதே டப்பா

ஜைனப் இறந்து நாற்பது நாள் கழித்து மருங்காபுரியில் ஒரு கல்யாணம். குதிரையை மச்சானிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு நான் தெருமுனையில் நின்று டப்பாவைக் குலுக்கினேன். சுல்தான் காதை நிமிர்த்தினான். என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் பார்த்தான். அவ்வளவுதான். மறுபடி குலுக்கியதில் கொள்ளுதான் சிந்தியது.

"சத்தமே இல்லையே, என்ன சகுனமோ" என்று கூட்டத்தில் ஒரு குரல். மாப்பிள்ளையின் அம்மா நேரே என்னிடம் வந்தார். மறைக்கத் தோன்றவில்லை, டப்பா விஷயத்தையும் ஜைனப் போனதையும் சொன்னேன். அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார், பிறகு குதிரையை. "அதுக்கும் துக்கம் இருக்கும்ல. அது பேசாம நடந்து வரட்டுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

இத்தனை வருஷமும் அவன் டப்பாவுக்குத்தான் கனைக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்த குதிரைக்காரன் நான். அந்த டப்பாவில்தான் இன்றும் கொள்ளு வைக்கிறேன், சுல்தான் சத்தமில்லாமல் தின்கிறான்.