ஓரத்தில் எழுதிய கேள்வி

மருந்துப் பெட்டிக்குள் பொடிசாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போடுகிற தாள், அதைப் படிப்பதுதான் அவளுடைய முதல் உத்தியோகம். எத்தனை மில்லிகிராம், யாருக்குக் கூடாது என்று எறும்பு எழுத்தில் இருப்பதையெல்லாம் அச்சுக்குப் போகுமுன் அவள் சரிபார்க்க வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினால் ஓர் உயிர் போய்விடலாம். சந்தேகம் வந்தால் நீயாகத் திருத்தாதே, ஓரத்தில் கேள்வி எழுது என்பது அந்த மருந்துக் கம்பெனியின் விதி. அவளுக்குச் சந்தேகம் வராத தாளே கிடையாது. அதனால் அலுவலகத்தில் அவள் பெயரே 'சந்தேகம்' என்று ஆகிவிட்டது. "சந்தேகம் சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் பிரிவை இழுத்து மூடியபோது வீட்டுக்கு வந்துவிட்டாள். கூட வேலை பார்த்தவளின் அண்ணன் பதிப்பகம் வைத்திருந்தார். வெள்ளோட்டமாக ஒரு சமையல் புத்தகத்தைத் திருத்தக் கொடுத்தார். ஒரு செய்முறையில், பிசையவே சொல்லாத மாவு நேரே அடுப்புக்குப் போயிருந்ததைக் கண்டுபிடித்தாள். அதிலிருந்து புத்தகங்கள் வரத் தொடங்கின. படுக்கையறை ஜன்னலோரம் ஒரு மேஜை, அவளே முதலாளி, அவளே சிப்பந்தி. பயமும் முழுக்க அவளுக்கே சொந்தம். திருத்தியதை அனுப்பிய நிமிடமே, எதையாவது விட்டுவிட்டோமோ என்று பிரதியைத் திரும்பப் புரட்ட ஆரம்பித்துவிடுவாள்.

இந்த முறை அந்தப் பயம் அடங்கவேயில்லை. கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தன் வாழ்க்கையை எழுதியிருந்தார். புயலும் தீப்பிடித்த இயந்திர அறையுமாக விறுவிறுப்பான எழுத்து. ஆனால் மனைவி கல்யாணத்தன்று ஒரு வரியில் வருகிறார், பிறகு கடைசிப் பக்கத்தில் கதவைத் திறக்கிறார். நடுவில் பிள்ளைகள் பிறந்து ஆளாகியும்விட்டார்கள். பழைய பழக்கத்தில் ஓரத்தில் எழுதிவிட்டாள்: 'இத்தனை வருடம் உங்கள் மனைவி என்ன செய்துகொண்டிருந்தார்?'

அனுப்பியதிலிருந்து மனிதரிடமிருந்து பேச்சுமூச்சில்லை. ஒரு சொல்லை வெட்டினாலே போனில் மல்லுக்கு நிற்பவர். எழுதியபோது சாதாரணமாக இருந்த கேள்வி, திரும்பப் படிக்கப் படிக்கக் குற்றப்பத்திரிகை மாதிரி தெரிந்தது.

"கேள்விதானம்மா கேட்டே, அடிக்கவா செஞ்சே?" என்றார் கணவர்.

"'என்ன செய்துகொண்டிருந்தார்'னா, சும்மாவா இருந்தாங்கன்னு கேக்கற மாதிரி இல்லைங்க?"

"எனக்கு அப்படித் தெரியலையே."

"மூக்குக் கண்ணாடிக் கடை வெச்சிருக்கீங்க, உங்க கண்ணுக்கு எதுதான் தெரிஞ்சிருக்கு?"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பதிப்பாளர் கூப்பிட்டார். "அவருக்கு என்ன எழுதினீங்க மேடம்? புத்தகத்தை நிறுத்தி வைங்கன்னு சொல்றாரு. ஏன்னு கேட்டா, 'எடிட்டரம்மாவுக்குத் தெரியும்'ங்கறாரு."

அவர் மனைவி தவறிவிட்டாரோ? பிரிந்து போய்விட்டாரோ? புண்ணில் கோல் வைத்துக் குத்திவிட்டோமோ? நேரில் போய் மன்னிப்புக் கேட்பது என்று கிளம்பினாள். பேருந்தில் அந்த மன்னிப்பையும் மனத்துக்குள் அடித்து அடித்துத் திருத்திக்கொண்டே போனாள்.

கதவைத் திறந்தது தலை நரைத்த, மெலிந்த ஒரு பெண்மணி. இன்ஜினியரின் மனைவியேதான். அவள் தான் யாரென்று சொன்னாள்.

"அந்தக் கேள்வியைக் கேட்டது நீதானா?"

"ஆமாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க..."

"உள்ளே வா."

சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம்.

"பதில் எழுதலாம்னு உக்காந்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. இவளைத்தான் கேட்டேன். சின்னவன் பொறந்தப்ப இவ பிழைக்கறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் எங்கயோ வால்வு கழட்டிட்டிருந்தேன். போன்ல இவ 'எல்லாரும் நல்லா இருக்கோம்'னு சொன்னா, நானும் நம்பிட்டேன்."

"நடுக்கடல்ல இருக்கறவர்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? நீந்தியா வருவாரு?" என்றார் அந்த அம்மா.

அத்தனையையும் சேர்க்கத்தான் புத்தகத்தை நிறுத்தி வைக்கச் சொன்னதாகச் சொன்னார் இன்ஜினியர். அந்த அம்மா பென்சிலைக் கையில் எடுத்தார். "எழுதட்டும், வேணாங்கல. ஆனா அது என் வாழ்க்கை. எது அச்சுக்குப் போகணும்னு நான்தான் சொல்லுவேன்."

புத்தகம் நிற்கவில்லை என்பதில் அவளுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் விடைபெறும்போது வாசலில் நின்று கேட்டாள்: "நான் கேட்டிருக்கக் கூடாதோம்மா?"

அந்த அம்மா யோசித்தார். "தெரியலம்மா. இத்தனை நாள் நிம்மதியாத் தூங்கிட்டிருந்தார். இப்பத் தூங்கறதில்ல. கேட்டது கேட்டாச்சு, சீக்கிரம் முடிச்சுக் குடு."

புத்தகம் தாமதமாகத்தான் வந்தது. அந்த அம்மா தனியாளாக, ஒழுகிய கூரையை ஆள் வைத்து மாற்றியதும், பயந்து பயந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும் ஒரு புதிய அத்தியாயமாகியிருந்தன. சின்னவன் பிறந்த கதையை அந்த அம்மா பென்சிலால் அடித்துவிட்டிருந்தார். படிப்பவர்கள் அந்தப் புதிய அத்தியாயத்தைத்தான் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள் என்று பதிப்பாளர் போனில் குளிர்ந்தார். அவள் நன்றி சொன்னாள். அந்த வீட்டில் இப்போது தூக்கம் எப்படி என்று விசாரிக்க மட்டும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.