கடனுக்கு விற்றவனின் படம்

சிட்னியின் புறநகர் கிரவீனில் அரியரத்தினத்தைத் தெரியாத தமிழ் வீடு இருந்தால், அந்த வீட்டில் சமையலே இல்லையெண்டு அர்த்தம். மனுசன் கணக்கியல் படிக்கவெண்டு சிட்னிக்கு வந்து, படிச்சு முடிச்சு, கடைசியில் பலசரக்குக் கடை போட்டவர். கணக்கில் புலி. ஆனால் ஆராவது வந்து, “அங்கிள், சம்பளம் வரட்டும்” எண்டு தலையைச் சொறிஞ்சால் போதும், புலி பூனையாகிவிடும். முகத்துக்கு நேரே இல்லையெண்டு சொல்ல அவருக்கு வாய் வராது.

“இப்பிடியே போனால் கடையைப் பூட்டிப்போட்டுக் கோயில் வாசலிலதான் இருக்கோணும்,” எண்டு மனைவி சுஜீவா கத்தாத நாளில்லை. அவ சொன்னதும் பொய்யில்லை. காசு வைச்சால்தான் இனி அரிசி இறக்குவன் எண்டு மொத்த வியாபாரியும் சொல்லிப்போட்டான்.

அந்த நேரத்தில்தான் நகரத்து ஏலக்கடை ஒன்றின் இணையப் பக்கத்தில் அந்தப் படத்தைக் கண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சடிச்ச நையாண்டிச் சித்திரம். ஒரு பக்கம் ரொக்கத்துக்கு விற்றவன்: தொப்பையும் சுருட்டுமாய், நிறைஞ்ச பெட்டகத்துக்கு முன்னால் இருந்து சிரிக்கிறான். மறுபக்கம் கடனுக்கு விற்றவன்: எலும்பும் தோலுமாய், தலையில் கை. வெறும் பெட்டகத்துக்குள் எலி ஓடுது.

அரியரத்தினம் துள்ளிக் குதிச்சார். “சுஜீவா, இஞ்ச ஓடி வாரும்! என்ர வாயால சொல்லேலாததை இது சொல்லும். கவுண்டருக்கு மேல மாட்டினால் ஆர் கடன் கேப்பினம்?”

“பிரிண்ட் எடுத்து ஒட்டுங்கோவன்.”

“கடதாசியை ஆர் மதிப்பினம்? நூற்றைம்பது வருசத்துப் படமெண்டால்தான் மரியாதை!”

பிறகென்ன, கடைக்கு வந்தவை போனவைக்கெல்லாம் ஃபோனில் அந்தப் படத்தைக் காட்டியே அந்த வாரத்தை ஓட்டினார்.

சனிக்கிழமை ஏலம். “ஐந்நூறு டொலருக்கு மேல போனியளெண்டால் வீட்டுப்பக்கம் வராதேங்கோ,” எண்டு சொல்லித்தான் சுஜீவா அனுப்பினவ. முன்வரிசைக் கதிரையில் போய்க் குந்தினார். நூறு, இருநூறு எண்டு ஏற, அறையில் இருந்தவை எல்லாரும் விலகிவிட்டினம். இணையத்தில் ஒருத்தன் மட்டும் விடாக்கண்டனாய் நிண்டான். இவர் கை தூக்க, அவன் கூட்ட, இவர் தூக்க, அவன் கூட்ட... ஐந்நூறு! அவன் ஐந்நூற்றைம்பது எண்டான். படம் அவனுக்கே எண்டு சுத்தியல் விழுந்தது.

அடச்சீ! எந்த மூதேவியடா அது? வெளியில் வரேக்க மனுசனுக்குக் கண் கலங்கிப்போச்சு. இனி அவருக்குப் பதிலாக ஆர் இல்லையெண்டு சொல்லுறது?

ஃபோன் அடிச்சுது. கடைக்கு வாற பெடியன் கபிலன். அவனுக்கு வேலை இல்லாமல் போன மாதங்களில் வீட்டுக்கு அரிசி பருப்பெல்லாம் இவர் கடையில் இருந்துதான் போனது. காசு இன்னும் வந்தபாடில்லை.

“அங்கிள், நீங்கள் ஆசைப்பட்ட படத்தை உங்களுக்கெண்டு எடுத்திட்டன்! புது வேலைக் காசு வந்தது. ஆரோ ஒரு விசரன், அங்கிள், விடுறானே இல்லை, ஏத்திக்கொண்டே போறான்!”

“டேய், அந்த விசரன் நான்தானடா!”

அரியரத்தினம் நடைபாதையில் நிண்டு வயிறு குலுங்கச் சிரிச்சார். எனக்குத் தரவேண்டிய காசாலேயே என்னோடு மல்லுக்கு நிண்டிருக்கிறான் பாவி! கோவமே வரேல்லை. அவ்வளவு சந்தோசம்.

“அங்கிள்...” கபிலன் இழுத்தான். “அவன் ஏத்தினதில... இல்லை, நீங்கள் ஏத்தினதில, கையில இருநூறு குறையுது. இண்டைக்கே கட்டோணுமாம். நீங்கள் அங்கதானே நிக்கிறியள்...”

அரியரத்தினம் கார்டை எடுத்துக்கொண்டு ஏலக்கடைக்குள் திரும்ப ஏறினார்.

“அதுக்கென்ன அப்பன், காசு வரேக்க ஆறுதலாத் தா.”