அடியில் படியாத மினுக்கம்

மணப்பெண்ணின் கைகளிலும் கழுத்திலும் பொன் மினுக்கம் தெளிக்கும் நாகரிகம் கிளிநொச்சிப் பக்கம் வந்தபோது, அதைப் பார்த்து முதலில் சிரித்தவள் நான்தான். நகை போட்டது போதாதென்று தோலுக்கும் முலாம் பூச வேண்டுமோ என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டேன். கேட்டு என்ன பயன்? முரசுமோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் நான் மணப்பெண்களை அலங்கரித்து வெளிக்கிடுத்துகிறேன். இல்லையென்று சொன்னால் பெண்கள் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போய்விடுவார்கள். கடையில் விற்ற வெளிநாட்டு ஸ்பிரேயோ எங்கள் வெயிலுக்குப் பிசுபிசுத்தது. சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினேன்.

தண்ணீர், கொஞ்சம் கிளிசரின், வாசனை, கெடாமல் இருக்க ஒரு மருந்து, பொன்னிறத் தூள். கலக்குவது தேத்தண்ணீர் போடுவதைவிடச் சுலபம். ஆனால் அந்தத் தூள் இருக்கிறதே, கும்பகர்ணனின் தங்கச்சி. போத்தலை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினால் அடியில் போய்ப் படுத்துவிடும். முதல் அழுத்தலில் வெறும் தண்ணீர் வரும். கடைசி அழுத்தலில் சேறு வந்து வாயை அடைக்கும். ஒரு மணப்பெண்ணுக்கு இடக்கை கோயில் விக்கிரகம் போலவும் வலக்கை நனைந்த கை போலவும் வந்தது. நல்லவேளை, அவள் புகைப்படத்துக்கு இடப்பக்கமாகவே நின்றாள்.

தொலைபேசியில் ஒரு வகுப்பில் சேர்ந்து படித்தபோது வழி தெரிந்தது. ஒருவகை ஜெல் தூளைத் துளியளவு கரைத்தால் தண்ணீர் மெல்லிய கூழாகிவிடும். மினுக்கத்தூள் ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்திலேயே பிடித்து வைக்கும். அழுத்தியதும் இளகிப் புகையாகப் பறக்கும். வகுப்பில் செய்து காட்டிய போத்தலில் தூள் அந்தரத்தில் நின்றது. எனக்கோ கூழ் இறுகவே இல்லை. கூடப் போட்டால் ஸ்பிரே வாயால் வராமல் அடம்பிடித்தது. குறையப் போட்டால் மறுநாள் தூள் அடியில் கிடந்தது. ஜெல் தூள் விற்றவரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

பிழை தூளில் இல்லை, தண்ணீரில் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டேன். காரணம் என் கணவர்.

இவரின் தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். வந்த காலத்தில் சொந்தக் கிணறு இல்லை. வேறொரு வீட்டுக் கிணற்றடியில் குடத்தோடு மாமி, இவரின் அம்மா, காத்து நிற்பாவாம். கயிற்றைத் தொடக்கூடாது. வீட்டுக்காரர் வந்து அள்ளி ஊற்றினால்தான் தண்ணீர். சின்னப் பிள்ளையாக அவாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இவர். அதனால், இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை போட முன்பே கிணறு வெட்டினார். அதை அடைக்கப் படலை இல்லை. ஒழுங்கையில் போகிற யாரும் வந்து அள்ளலாம். கேட்டுவிட்டு அள்ளினால்தான் இவருக்குக் கோபம் வரும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவருக்குத் தன் கிணறு அமிர்தம். நானோ நாயாற்றுப் பக்கத்துக் கடற்கரைப் பெண். உவர்த்தண்ணீரில் முகம் கழுவி வளர்ந்தவள். கலியாணமாகி வந்த அன்று ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்லாயிருக்கு என்றேன். நல்லாத்தான் இருந்தது. இன்றைக்கும் நான் கறிக்கு உப்புக் கூட்டினால், கடலில் பிறந்ததுகளுக்கு இதெல்லாம் உறைக்காது என்று நக்கலடிப்பார். அப்படிப்பட்டவரிடம், உங்கள் தண்ணீரில் உப்புச் சத்து இருக்கிறது என்று நான் போய்ச் சொல்வதா?

ஆனால் ஒருநாள் மின்சாரம் நின்று மோட்டர் ஓடவில்லை. வாளி விட்டு அள்ள உடம்பு வளையாத பஞ்சி. ட்ராக்டர் கொட்டிலில் பற்றரிக்கு ஊற்றும், காய்ச்சி வடித்த தண்ணீர்க் கான் இருந்தது. அதில் கலக்கினேன். கூழ் அழகாக இறுகியது. தூள் நின்ற இடத்தில் நின்றது. அடுத்த நாளும் நின்றது, அடுத்த கிழமையும் நின்றது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவதைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவள் நான். அந்தச் சுண்ணாம்புதான் கூழை உடைத்திருக்கிறது. புத்தி அன்றைக்குத்தான் வந்தது.

அதன் பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நான் மினுக்கம் கலக்குகிறேன் என்றால் இவர் தானே ஒரு வாளி அள்ளி வந்து குசினி வாசலில் வைப்பார். நான் பவ்வியமாக வாங்கிக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவேன். கறிவேப்பிலை காடாக வளர்ந்தது. பற்றரி ஏன் இப்படித் தண்ணீர் குடிக்கிறது என்று இவர் மெக்கானிக்கிடம் சண்டை பிடித்தார். வருகிற மணப்பெண்களின் தாய்மாரிடம், மினுக்கம் நிற்பது எங்கள் கிணற்றுத் தண்ணீர் விசேஷத்தால் என்று விளக்கமும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

இப்படியே போயிருக்கும். அக்காவின் மகளுக்கு நாயாற்றில் கலியாணம் வந்தது. என் சொந்தச் சனம் முழுக்கக் கூடும் இடம். முகத்துக்கு மா பூசுகிற வேலைக்கோ இவ்வளவு எடுப்பு என்று என்னைப் பற்றிக் கதைக்கிற சனமும் அதற்குள் இருந்தது. அதனால் போத்தல்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஸ்பிரேக் குழாய் இறங்க இடம் வேண்டுமென்று தோள் மட்டத்துக்குத்தான் நிரப்பினேன்.

கலியாணத்தன்று காலை அக்கா வீட்டில் பெட்டியைத் திறந்தேன். தூள் முழுக்க அடியில். குலுக்கினேன். எழும்பிச் சுழன்றுவிட்டுத் திரும்பவும் இறங்கியது. கைப்பையில் மாதிரிக்கு வைத்திருந்த சின்னப் போத்தலை எடுத்துப் பார்த்தேன். அதில் தூள் அசையாமல் நின்றது. அதிலிருந்த அளவு ஒரு கைக்கும் காணாது.

இவரைக் கூப்பிட்டு, போத்தல்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"குறையாக் கிடந்தது. கலியாண வீட்டுக்குக் குறைகுடம் கொண்டு போறதே? எங்கட தண்ணியால கழுத்து மட்டத்துக்கு நிரப்பி விட்டனான்," என்றார், மிகவும் சந்தோஷமாக.

வாசலில் நிறைகுடம் வைத்துப் பழகிய மனிசன். வேறென்ன செய்வார்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அது எங்கே போனதென்று தெரியவில்லை. இவர் பெட்டியையும் என் கையிலிருந்த சின்னப் போத்தலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதுக்கு எந்தத் தண்ணி?"

"பற்றரித் தண்ணி," என்றேன். வேறு வழியில்லை. "அதில ஒண்டும் இல்லை. ஒண்டும் இல்லாத தண்ணியிலதான் இது நிக்குமாம்."

வாளி, கறிவேப்பிலை, மெக்கானிக் எல்லாம் வரிசையாக இவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். ஒரு போத்தலை எடுத்து மெதுவாகக் குலுக்கத் தொடங்கினார். குலுக்கித் தந்தார், நான் ஸ்பிரே அடித்தேன். மற்றதைக் குலுக்கினார். மணப்பெண்ணான அக்கா மகள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

அப்போதுதான் பெரியம்மா நாலு பெண்களோடு அறைக்குள் வந்தா. என் குடும்பத்தில் நாக்கு நீளம் அவாவுக்குத்தான். இவர் காய்ச்சல் மருந்து போலப் போத்தலைக் குலுக்குவதைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, உன்ர கைவேலை எல்லாம் அடியில கிடக்குது?" என்றா. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

தூள் பழுது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். இவர் முந்திக்கொண்டார்.

"அவா செய்ததில பிழை இல்லை, பெரியம்மா. பிழை எங்கட கிணத்துத் தண்ணியில. நான்தான் தெரியாமல் ஊத்திப்போட்டன்."

அந்தக் கிணற்றைப் பற்றி ஊரில் ஒருவர் ஒரு குறை சொன்னால் மூன்று நாள் சாப்பிடாமல் இருக்கிற மனிசன் இவர். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து அடுத்த போத்தலைக் குலுக்கினார். நான் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் சின்னம்மா அடிக்காமல் நிற்கிறீங்கள் என்று அவள் கேட்டாள். கண்ணீர் என் கண்ணை மறைத்ததால் அவளின் மற்றக் கை எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.